காசு வாங்கிக்கொண்டு குதிரைச் சவாரி அழைத்துப்போக என்ன இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்?

காட்டுப்பாதை:
ஆறு குதிரைகளை வைத்து, ஒரு தடவைக்கு நான்கு பேர், முன்னால் ஒரு வழிகாட்டி என்று ஒரு மணி நேரச் சவாரிக்குக் கட்டணம் வாங்கத் திட்டம். ஒரு குதிரை நண்பருடையது. பாதையில் பாதி பக்கத்து நிலத்துக்காரருடையது. வார இறுதியில் இரண்டு பேர் தினக்கூலிக்கு வருவார்கள். வீட்டு பாலிசியிலேயே மூன்றாம் நபர் பொறுப்பு இருக்கிறது. வருபவர்களிடம் 'என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்' என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம். இது போதாதா?

லகான்:
போதாது. கட்டணம் வாங்கினாலே அது தொழில். வீட்டு பாலிசிகளில் பெரும்பாலானவை தொழில் சார்ந்த இழப்பைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கும். வணிகப் பொறுப்பு பாலிசி தனியாக வேண்டும். அதிலும் விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். சில பாலிசிகளில் 'பங்கேற்பாளருக்கு ஏற்படும் காயம்' விலக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் வேடிக்கை பார்க்க வந்தவரைக் குதிரை உதைத்தால் பணம் வரும், மேலே இருந்தவர் விழுந்தால் வராது! உங்களுக்கு நடக்கப்போவது இரண்டாவதுதான்.

ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று வரம்பு இரண்டாக இருக்கும். வக்கீல் செலவு அந்த வரம்புக்குள் அடங்குமா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள். கிளெய்ம் எப்போது வந்தாலும் விபத்து நடந்த ஆண்டின் பாலிசி பணம் தருமா, கிளெய்ம் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டுமா என்பதும் முக்கியம். குழந்தைக்கு அடிபட்டால், பல நாடுகளில் அந்தக் குழந்தை மேஜரான பிறகும் வழக்குப் போடலாம்.

வயிற்றுப்பட்டை:
நண்பரின் குதிரையைக் கவனியுங்கள். உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் உடைமைக்குச் சாதாரணப் பொறுப்பு பாலிசி பணம் தராது. கால் முறிந்தால் நண்பருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கென்று 'பராமரிப்பில் உள்ள குதிரைகள்' என்று ஒரு சேர்ப்பு உண்டு. உங்கள் குதிரைகள் செத்தால் கிடைக்கும் இன்சூரன்ஸ் வேறு. வணிகப் பயன்பாட்டைச் சொல்லாமல் எடுத்திருந்தால் அதையும் மறுக்கலாம்.

நிலத்துக்காரரையும் உங்கள் பாலிசியில் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்த்து, சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். தினக்கூலி ஆட்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு தனி. 'கான்ட்ராக்ட்' என்று பெயர் வைத்தால் மட்டும் தப்ப முடியாது. நேரமும் வேலையும் நீங்கள் சொல்கிறபடி என்றால் சட்டம் அவரை ஊழியராகவே பார்க்கலாம்.

அங்கவடி:
கையெழுத்துப் படிவம் வாங்குங்கள், ஆனால் அதை நம்பிக் காப்பீட்டைக் குறைக்காதீர்கள். குதிரை மிரளும், விழுந்தால் அடிபடும் என்று தெரிந்தே ஏறினார் என்பதற்கு அது சான்று. சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்கும் வயிற்றுப்பட்டை அறுந்துபோகும் நிலையில் இருந்தும் அதைக் கட்டியதற்கோ, முதல்முறை ஏறுபவருக்கு மிரளும் குதிரையைக் கொடுத்ததற்கோ பெரும்பாலும் கைகொடுக்காது. சிறுவருக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து பல இடங்களில் செல்லாது.

நீதிமன்றத்தில் உதவுவது பதிவேடுதான். ஏறுபவரின் அனுபவம், எடை, கொடுத்த குதிரை, ஹெல்மெட், கிளம்புமுன் பட்டையும், அங்கவடியை (கால் வைக்கும் வளையம்) தாங்கும் தோல்வாரும் பார்த்தவர் பெயர், நேரம் எல்லாம் இருக்கட்டும். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதது பொதுவான அளவு. 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ.

காட்டுப்பாதை:
நன்றி. பின்னால் நிலா வெளிச்சச் சவாரியும், சிறுவர்களுக்குக் கையில் பிடித்து நடத்தும் சவாரியும் சேர்த்தால்?

லகான்:
ஆரம்பிக்கும் முன்பே கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி, பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எழுதாத சவாரியில் விபத்து நடந்தால் மறுக்க அதுவே காரணமாகும். இரவுச் சவாரிக்கு பிரீமியம் கூடலாம், சில கம்பெனிகள் எடுக்கவே மாட்டார்கள். குதிரை எண்ணிக்கை கூடினாலும் சொல்லுங்கள். யாராவது விழுந்தால், எழுந்து சிரித்துக்கொண்டே போனாலும், அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தாமதமும் மறுப்புக்குக் காரணமாகலாம். அந்த இடத்திலேயே 'தப்பு எங்களுடையதுதான், செலவைத் தருகிறோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பல பாலிசிகளில் அதற்குத் தடை உண்டு.