உமிச் சாம்பல் கலந்து வேலை பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சைட் இன்ஜினியர்

சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து உமிச் சாம்பல் போட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு வகைச் சாம்பல் வந்தது. ஒன்று கொதிகலன் அடியிலிருந்து அப்படியே அள்ளியது. கன்னங்கரேல் என்று இருந்தது, விரலில் தேய்த்தால் நறநறத்தது. இன்னொன்று சூட்டைக் கட்டுக்குள் வைத்து எரித்து, மாவாக அரைத்தது. வெளிர்சாம்பல் நிறம், நறநறப்பே இல்லை. ஒரே அளவு கலந்தும் இரண்டும் ஒன்றுபோல வேலை செய்யவில்லை. கறுப்புச் சாம்பல் போட்ட கலவை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது; கியூப் பலமும் (கலவையைக் கனசதுரக் கட்டியாக வார்த்து, நசுக்கிப் பார்ப்பது) கடைசிவரை தேறவில்லை. மற்றது 7 நாள் சோதனையில் கொஞ்சம் பின்தங்கியது, 28 நாளில் வெறும் சிமெண்ட் கியூபை எட்டிப் பிடித்தது.

இதற்குக் காரணம் எரித்த விதம். உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. சூடு சுமார் 700 டிகிரியைத் தாண்டாமல் எரித்தால் அந்த சிலிக்கா படிகமாக இறுகாது, வினைக்குத் தயாராக இருக்கும். சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு புதிதாகப் பிணைப்புப் பசை உண்டாக்கும். சூடு எல்லை மீறினால் அதே சிலிக்கா படிகமாகி, கிட்டத்தட்ட வெறும் மணல்தான். 1970களிலேயே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. குமார் மேத்தா, இப்படிக் கட்டுப்பாட்டோடு எரித்த சாம்பலை சிமெண்டோடு சேர்ப்பது பற்றி விரிவாக வேலை செய்திருக்கிறார். அத்தனை வருஷம் கழித்தும் "எத்தனை சதவீதம் போடலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி எரித்தது என்று கேட்பவர் குறைவு. எனக்கு அதுதான் வருத்தம்.

ஆய்வுக்கூடத்தில் வேலை

சார் சொல்வது சரி. கரும்புச் சக்கைச் சாம்பலிலும் இதே கதைதான். அதில் எரியாத நார் நிறைய கிடக்கும். சலித்து நாரை எடுத்துவிட்டு, மிச்சத்தை அரைத்தால் ஆளே மாறிவிடும். நாங்கள் முதலில் பார்ப்பது, மிச்சக் கரி எவ்வளவு என்று. காயவைத்த சாம்பலை எடை போட்டு, மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) வைத்து, சுமார் 750 டிகிரி உலையில் விடுவோம். கறுப்பாகப் போனது வெளுத்து வெளியே வரும். குறைந்த எடையில் பெரும்பகுதி எரிந்துபோன கரி. அது கூடுதலாக இருந்தால் கலவைக்குத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், கலவையின் தன்மையை மாற்றச் சேர்க்கும் ரசாயனக் கலப்பியும் சரியாக வேலை செய்யாது.

மேஸ்திரி

நான் படிப்பு பேசவில்லை, கையில் பட்டதைச் சொல்கிறேன். சாம்பலைப் பாண்டு (கலவை அள்ளும் சட்டி) கணக்கில் அளக்காதீர்கள். லேசான பொருள் அது. ஒரு பாண்டு சிமெண்டை எடுத்துவிட்டு ஒரு பாண்டு சாம்பல் போட்டால் எடைக் கணக்கே வேறாகிவிடும். தராசு வையுங்கள்.

நல்ல சாம்பல் போட்ட பூச்சுக் கலவை கரண்டியில் நன்றாக ஒட்டும், சுவரிலிருந்து வழியாது. ஆனால் தளம் போடும்போது மேலே தண்ணீர் கசிவது குறைவு. காற்றும் வெயிலும் அடித்தால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து மயிரிழை வெடிப்பு விடும். மட்டம் அடித்த கையோடு மூடிவிட வேண்டும். தண்ணீர் விடுவதையும் ஒரு வாரத்தோடு நிறுத்தக் கூடாது. சாம்பல் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதுவரை ஈரம் வேண்டும்.

வீடு கட்டியவர்

எங்களுக்கு நடந்தது வேறு. கட்டிக் கொடுத்தவர் சொல்லாமல் கொள்ளாமல் சிமெண்டைக் குறைத்து, கொதிகலன் சாம்பலை அள்ளிப் போட்டிருக்கிறார். பூச்சை நகத்தால் சுரண்டினாலே மாவாகக் கொட்டியது. கேட்டால், "சுற்றுச்சூழலுக்கு நல்லதுங்க" என்கிறார். மேஸ்திரி அண்ணா, இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மேஸ்திரி

கொட்டுகிற இடம் முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் வழி தம்பி. மேலே மெழுகினால் நிற்காது. தூண், பீம் எல்லாம் அதே கலவையா என்று ஒரு பொறியாளரை வைத்து உடனே பார்த்துவிடுங்கள்.

சைட் இன்ஜினியர்

படிக்கவே கோபம் வருகிறது. கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமெண்டாகும் கட்டி, செய்ய சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். எரிபொருள் புகை போக, கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதைக் கொஞ்சமாவது குறைக்க நம்மிடம் இருக்கும் நல்ல பொருள் இது. இப்படிப்பட்ட ஆட்களால்தான் அதற்குக் கெட்ட பெயர்.

அப்புறம் இன்னும் இரண்டு விஷயம். மூட்டையில் ஏற்கெனவே சாம்பல் கலந்த சிமெண்டா என்று பாருங்கள். அதன்மேல் இன்னும் சாம்பல் போட்டால், அது பிடித்துக்கொள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு போதாமல் போகும். சாதாரண சிமெண்ட் என்றால் 10 சதவீதத்தில் தொடங்கி, கியூப் சோதனை பார்த்த பிறகே ஏற்றுங்கள். சாம்பல் கொட்டும்போது எல்லோருக்கும் நல்ல முகக்கவசம் கட்டாயம். படிகமான சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். துண்டை மூக்கில் கட்டினால் அது நிற்காது.