புதுப்பிப்பு: பிக்கப் கேனோபிக்குள் புழுதி, இப்போது பெருமளவு நின்றுவிட்டது

கேனோபி (பின்தொட்டியை மூடும் கூண்டு) போட்ட பிக்கப்பிலும் மண்சாலையில் போனால் தொட்டி முழுக்கப் புழுதி அப்புகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ராத்திரியில் உள்ளே டார்ச்சை எரியவிட்டு வெளியே நின்று பாருங்கள் என்றார் ஒருவர். அதுதான் கைகொடுத்தது. நான் சந்தேகப்பட்ட கேனோபி ஓரத்தில் ஒன்றுமில்லை. பின்கதவின் அடியில், கீல் பக்கம் விரல் நுழையும் இடைவெளி. வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைவதால், சக்கரம் கிளப்பும் புழுதி அங்கேயே சுழன்று அந்தச் சந்து வழியாக ஏறுகிறது.

கதவின் அடியிலும் இரு பக்கமும் உள்ளீடற்ற ரப்பர் பீடிங் (சந்தை அடைக்கும் பட்டை) ஒட்டினேன். முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. தண்ணீர் வடியும் துளைகளுக்குக் கழற்றக்கூடிய ரப்பர் மூடி போட்டேன்.

எதிர்பாராதது, கதவு சாத்த அடம்பிடித்தது. பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்ததும் சரியானது.

அப்புறம், கேனோபியின் முன்பக்கக் காற்றுத் திறப்பில் ஸ்பாஞ்ச் வைத்துத் திறந்தே ஓட்டச் சொன்னவருக்குத் தனி நன்றி. உள்ளே அழுத்தம் கூடுவதால் மிச்சப் புழுதியும் குறைந்தது. ஸ்பாஞ்சை மட்டும் அடிக்கடி அலச வேண்டும்.