பாலிக்ரோமி: சிலைக்கு நிறம் பூசுவதா, எழுதுவதா?

அன்புடையீர்,

ஸ்பெயினின் செவில் நகரத்து மரச்சிற்பங்களைப் பற்றிய பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். சிலைக்கு நிறந்தரும் கலையான ‘பாலிக்ரோமி’க்குப் ‘பல்வண்ணப் பூச்சு’ என்று எழுதியிருந்தேன். பாதிப் பாடத்தில் அது கைவிட்டது. 1603-06இல் மொந்தாஞேஸ் என்ற சிற்பி செதுக்கிய ‘கருணைக் கிறித்து’வுக்கு நிறம் தந்தவர் பச்சேக்கோ என்ற ஓவியர். அன்று செதுக்குவோர் ஒரு தொழிற்குழு, நிறந்தருவோர் வேறொரு குழு. 1621இல் மொந்தாஞேஸ் ஒரு பலிபீடத்துக்கு இரு வேலைகளையும் தாமே ஒப்பந்தம் எடுத்தபோது, பச்சேக்கோ மறு ஆண்டே கண்டன அறிக்கை அச்சிட்டார். சுவருக்கு அடிக்கும் பூச்சுக்காகவா இத்தனை வழக்கு?

*

ஐயா, ‘எழுத்து’ என்ற சொல் இருக்கையில் ஏன் தேடுகிறீர்கள்? ஓவியத்தை நம் முன்னோர் எழுதினார்கள். கண்ணுக்கு மையும் எழுதினார்கள், எழுதும்போது கோலைக் கண் காணாது என்கிறது குறள் (1285). ‘வண்ணம்’ வேண்டாம்: தொல்காப்பியர் சொல்லும் 20 வண்ணங்களும் செய்யுளுக்கு உரியவை. ‘நிறம்’ என்றாலோ சங்கப் பாட்டில் மார்பும் ஆகும். என் பரிந்துரை ‘சிலையெழுத்து’.

*

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு: ‘சிலையெழுத்து’ என்றால் என் மாணவர்கள் கல்வெட்டு என்றே கொள்வார்கள். எதிர்மறையையும் எண்ணிப் பாருங்கள். ஜெர்மன் சிற்பி ரீமன்ஷ்னைடர் 1490-92இல் ம்யூனர்ஷ்டாட் பலிபீடத்தை நிறமின்றியே விட்டார். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து ஃபைட் ஷ்டோஸ் என்ற மற்றொரு சிற்பி அதற்கு நிறமிட்டார். அதை ‘நிறமிடாச் சிலை’ எனலாம். ‘எழுதாச் சிலை’ என்றால், ‘எழுதாக் கிளவி’ வேதமானதைப் போல, அது என்னவாகும்?

சிலையின் ஆடையைப் பொன்னிழையோடியதாகக் காட்டும் ‘எஸ்தோஃபாடோ’வுக்கும் சொல் வேண்டும். ஜிப்சமும் பசையும் குழைத்த வெள்ளைப் பூச்சின் மேல் (இங்கே ‘பூச்சு’ பொருந்துகிறது, பொறுத்தருள்க) செம்மண் குழம்பு தடவி, பொன்தாள் ஒட்டி மெருகேற்றி, அதன்மேல் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம் தீட்டி, அதைக் கூரிய குச்சியால் கீறுவார்கள். கீறிய இடமெல்லாம் பொன் இழையாகத் தெரிந்து, மரத்தாலான அங்கி பட்டாகிவிடும். ‘சரிகைக் கீறல்’ என்றால் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் புரியும்.

*

‘சரிகை’ தமிழ்ச்சொல்லா என்று முதலில் விசாரியுங்கள். ‘பொற்கீறல்’ போதும்.

*

பொன்னைக் கீறுவதில்லை ஐயா, பொன்மேல் உள்ள வண்ணத்தையே கீறுகிறார்கள். ‘பொற்கீறல்’ செய்முறையையே புரட்டிவிடும்.

*

அனைவருக்கும் நன்றி. ‘நிறமிடல்’, ‘சரிகைக் கீறல்’ என்று வரைவில் வைத்துள்ளேன். ‘சிலையெழுத்து’ ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன். உடலுக்கு நிறமிடும் ‘என்கார்னாசியோன்’ இன்னும் தொல்லை தருகிறது. தசையாக்கல் என்பது சொல்லின் பொருள். இறைவன் மனிதனானதற்கும் ஸ்பானியத்தில் அதே சொல். ‘ஊனிடல்’ எனச் சிலர் எழுதினீர்கள், எனக்கு அது கசாப்புக்கடையை நினைவூட்டுகிறது. இப்போதைக்கு ‘மேனி நிறம்’. அதிலும் இரு வகை உண்டு: பளபளவென மெருகேற்றியது ஒன்று, பச்சேக்கோ விரும்பிய பளபளப்பற்றது மற்றொன்று. பின்னதை ‘மங்கல் மேனி’ என்றால் சிலை அழுக்கேறிக் கிடக்கிறது என்று நினைப்பார்களே. வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.