லாராவெல் ஃபார்மில் "படம்ஐ உள்ளிடவும்" என்று வருகிறது: தமிழ்ப் பிழைச் செய்தியை எப்படி ஒழுங்கு செய்வது?

கோடும்குறியும் (கேள்வி)

லாராவெல் 11 (பிஹெச்பில வலைத்தளம் எழுதுற ஃபிரேம்வொர்க்). ஆறு ஃபீல்டு உள்ள விண்ணப்ப ஃபார்ம்: பெயர், மின்னஞ்சல் முகவரி, கைபேசி எண், பிறந்த தேதி, படம், ஆவணங்கள். லோகேலை, அதாவது மொழி அமைப்பை, தமிழுக்கு மாத்தியாச்சு, பிழைச் செய்திகள் இருக்கிற வேலிடேஷன் கோப்பையும் மொழிபெயர்த்து வச்சாச்சு. மூணு இடத்துல சிக்கல்.

1. ரெக்வயர்டு (கட்டாயம் நிரப்பணும்) விதிக்கு ":ஆட்ரிப்யூட்ஐ உள்ளிடவும்"னு எழுதினேன். திரையில "பெயர்ஐ உள்ளிடவும்", "படம்ஐ உள்ளிடவும்", "டேட் ஆஃப் பர்த்ஐ உள்ளிடவும்"னு வருது. ஒரு விதியில் மட்டும் கோலனோட ":பண்பு"ன்னே அப்படியே நிக்குது.

2. சர்வருக்குப் போறதுக்கு முன்னாடியே பிரவுசர் தன்னோட பிழைக் குமிழை ஆங்கிலத்துல காட்டுது. செட்கஸ்டம்வேலிடிட்டி (சொந்தச் செய்தி வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் மெத்தட்) வச்சுத் தமிழாக்கினேன். இப்போ ஃபீல்டை நிரப்பின பிறகும் அதே செய்தி வருது, சப்மிட் ஆகவே மாட்டேங்குது.

3. பெயருக்கு பேட்டர்ன் (எந்த எழுத்தெல்லாம் வரலாம்னு சொல்ற ஹெச்டிஎம்எல் பண்பு) போட்டேன், யூனிகோடு எல் வகை (எழுத்துகள்) மட்டும். "கமல" போகுது, "கமலா" போகல.

(கோடுப் பெயர்களை உச்சரிப்பாத் தமிழ்ல எழுதியிருக்கேன், கோப்புல ஆங்கிலத்துலதான் இருக்கு.)

அரைப்புள்ளி

முதல் சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இது லாராவெல் பிரச்சினை இல்லை, வேற்றுமை உருபுப் பிரச்சினை. லாராவெல் ":ஆட்ரிப்யூட்" இருக்கும் இடத்தில் ஃபீல்டின் பெயரை வெறும் சொல்லாக மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். பெயர் "பெயரை" ஆகும், முகவரி "முகவரியை" ஆகும், படம் "படத்தை" ஆகும். இந்த மூன்றையும் ஒரே "ஐ" கொண்டு ஒட்ட முடியாது. எனவே வார்ப்புரு வாக்கியத்தில் ஃபீல்டு பெயர் எப்போதும் உருபு இல்லாமல் எழுவாயாகவே நிற்க வேண்டும்:

ரெக்வயர்டு: ":ஆட்ரிப்யூட் தேவை."
ஈமெயில்: ":ஆட்ரிப்யூட் சரியான வடிவில் இல்லை."
கன்ஃபர்ம்டு: ":ஆட்ரிப்யூட் இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை."
பிஃபோர்: ":ஆட்ரிப்யூட் :டேட் என்ற தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும்."

முடிவில் வரும் சொற்களைக் கவனியுங்கள்: தேவை, இல்லை, வேண்டும், கூடாது. ஒருமை பன்மைக்கு இவை மாறுவதில்லை. "பதிவாகியுள்ளது" என்று முடித்தால் "ஆவணங்கள் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று இடறும்.

"இந்த :ஆட்ரிப்யூட்" என்றும் தொடங்காதீர்கள். இந்தப் பெயர், இந்தக் கைபேசி எண், இந்த முகவரி என்று ஒற்று மிகுவதும் மிகாததும் அடுத்த சொல்லைப் பொறுத்தது. ஃபீல்டு பெயரையே முதல் சொல்லாக வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

"டேட் ஆஃப் பர்த்" வருவதற்குக் காரணம், அதே கோப்பின் கடைசியில் உள்ள ஆட்ரிப்யூட்ஸ் பட்டியலில் அந்த ஃபீல்டுக்குத் தமிழ்ப் பெயர் தரவில்லை. தராவிட்டால் ஃபீல்டு பெயரில் உள்ள அடிக்கோட்டை இடைவெளியாக்கி அப்படியே காட்டும். ":பண்பு" நிற்பது மொழிபெயர்ப்புக் கருவியின் வேலை. கோலனுக்குப் பின்னால் உள்ள சொல் மாறியின் பெயர், அதை மொழிபெயர்த்தால் லாராவெலுக்கு அடையாளம் தெரியாது. கோப்பு முழுக்க கோலன் போட்டுத் தேடி, பின்னால் தமிழ் எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மின் (குறைந்தபட்சம்), மேக்ஸ் (அதிகபட்சம்), அதர், வேல்யூஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ரெக்வயர்டு இஃப் (வேறொரு ஃபீல்டின் மதிப்பைப் பொறுத்துக் கட்டாயமாகும்) விதி இருந்தால் வேல்யூஸ் பட்டியலையும் நிரப்புங்கள். இல்லையென்றால் டேட்டாபேஸில் போகும் குறியீடு அப்படியே பயனர் கண்ணில் படும்.

பூச்சிபிடி

ரெண்டாவதுக்கு நான்.

குமிழ்ல வர்ற மொழி பிரவுசரோட மொழி. பக்கத்துல லாங் ஆட்ரிப்யூட்டுக்குத் தமிழ்னு போட்டாலும் அது மாறாது.

செட்கஸ்டம்வேலிடிட்டிக்கு ஏதாவது சொற்கள் கொடுத்த நொடியிலிருந்து அந்த ஃபீல்டு "கஸ்டம் எரர்" நிலையில உட்கார்ந்துடும். உள்ளே என்ன நிரப்பினாலும் அது தானா எழுந்திருக்காது. நீங்கதான் வெற்று ஸ்ட்ரிங் கொடுத்து எழுப்பணும். இன்வேலிட் ஈவென்ட்ல செய்தியை வைக்கிறீங்க, அழிக்கிற இடம் இல்ல. அதே ஃபீல்டோட இன்புட் ஈவென்ட்ல வெற்று ஸ்ட்ரிங் வச்சு ஒரு வரி சேருங்க, சரியாயிடும்.

செய்தியைத் தேர்ந்தெடுக்க வேலிடிட்டி ஆப்ஜெக்ட்டைப் பாருங்க. வேல்யூமிஸ்ஸிங்னா "தேவை", டைப்மிஸ்மேட்ச்னா "வடிவில் இல்லை", பேட்டர்ன்மிஸ்மேட்ச்னா இன்னொண்ணு. எல்லாத்துக்கும் ஒரே வாக்கியம் வச்சா, மின்னஞ்சல்ல அட் குறி விட்டவருக்கும் "தேவை"ன்னே வரும்.

ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியா எழுதாம ஃபார்ம்லயே ஒரு லிசனர் வைக்கப் பார்த்தா, இன்வேலிட் ஈவென்ட் ஃபீல்டுலேருந்து மேலே ஃபார்ம் வரைக்கும் ஏறி வராது. ஆட்ஈவென்ட்லிசனரோட மூணாவது மதிப்பா ட்ரூ கொடுத்து கேப்ச்சர்ல பிடிக்கணும்.

என்னைக் கேட்டா குமிழையே விட்டுடுங்க. அதோட நிறம், எழுத்துரு எதையும் சிஎஸ்எஸ்ல தொட முடியாது. ஒரு நேரத்துல ஒரு ஃபீல்டுக்குத்தான் வரும், கொஞ்ச நேரத்துல மறைஞ்சும் போயிடும். ஃபார்முக்கு நோவேலிடேட்டை (பிரவுசர் சோதனையை நிறுத்துற பண்பு) ஜாவாஸ்கிரிப்ட் வழியா வைங்க. ஹெச்டிஎம்எல்லயே எழுதிட்டா ஸ்கிரிப்ட் ஏறாதப்போ பிரவுசர் சோதனையும் இருக்காது. நோவேலிடேட் வச்ச பிறகும் வேலிடிட்டி ஆப்ஜெக்ட் வேலை செய்யும். சப்மிட் ஈவென்ட்ல செக்வேலிடிட்டி கேட்டு, செய்தியை ஃபீல்டுக்குக் கீழே ஒரு பத்தியில எழுதுங்க. அந்தப் பத்தியோட ஐடியை ஏரியா டிஸ்க்ரைப்ட்பைல கொடுத்து, ஏரியா இன்வேலிடை ட்ரூ ஆக்கி, முதல் தப்பான ஃபீல்டுக்கு ஃபோகஸ் அனுப்புங்க. பார்வையற்றோருக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடரும் அதைப் படிக்கும்.

கோடும்குறியும்

ரெண்டு பேருக்கும் நன்றி. வெற்று ஸ்ட்ரிங் வரி போட்டதும் சப்மிட் ஆகுது.

அரைப்புள்ளி, ஒரு சந்தேகம். "தேவை"ன்னு மட்டும் இருந்தா கொஞ்சம் வறட்சியாத் தெரியுது. ஆட்ரிப்யூட்ஸ் பட்டியல்லயே "படத்தை", "பெயரை"ன்னு உருபோட வச்சுட்டா "படத்தை உள்ளிடவும்"னு அழகா வருமே?

அரைப்புள்ளி

வரும். கூடவே "படத்தை 2048 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது" என்றும் வரும்! அந்தப் பட்டியல் எல்லா விதிகளுக்கும் பொது.

அழகு வேண்டிய இடத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள். அதே கோப்பில் கஸ்டம் என்ற பகுதி உண்டு. அதில் ஃபீல்டு பெயர், அதற்குள் விதியின் பெயர், எதிரே வாக்கியம். "உங்கள் படத்தைத் தேர்ந்தெடுக்கவும்", "பிறந்த தேதியைக் குறிப்பிடவும்", "கைபேசி எண்ணை எழுதவும்". ஆறு ஃபீல்டுக்கு ஆறு வரி, அதுவும் ரெக்வயர்டுக்கு மட்டும். மற்ற விதிகளுக்குப் பொது வார்ப்புரு போதும். இந்த ஃபார்முக்கு மட்டும் வேறு சொல் வேண்டுமென்றால் ஃபார்ம் ரெக்வெஸ்ட் வகுப்பின் மெஸ்ஸேஜஸ் மெத்தடில் எழுதலாம். அங்கே எழுதியது கஸ்டம் பகுதியை முந்தும், கஸ்டம் பகுதி பொது வார்ப்புருவை முந்தும்.

எண்ணெழுத்து

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எல் வகையில் இல்லை, எம் வகையில் (எழுத்தோடு சேரும் குறிகள்) இருக்கின்றன. "கமல" மூன்றும் அகர உயிர்மெய் என்பதால் போகிறது. "கமலா"வில் உள்ள துணைக்கால் எம் வகை, அதனால் நிற்கிறது. பேட்டர்னில் எல், எம் இரண்டையும் சேர்க்க வேண்டும். "மு. கவி" என்று இனிஷியலோடு எழுதுவார்கள், ஆகவே இடைவெளியும் முற்றுப்புள்ளியும் வேண்டும். சர்வரில் லாராவெலின் ஆல்ஃபா விதி எல், எம் இரண்டையும் ஏற்கும், ஆனால் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் வந்தால் தள்ளிவிடும். அங்கே நாமே பேட்டர்ன் எழுதும் ரெஜெக்ஸ் விதிதான் சரி.

பேட்டர்னில் ஹைஃபன் சேர்ப்பதாக இருந்தால் அதற்கு முன் பேக்ஸ்லாஷ் கட்டாயம். இப்போதைய பிரவுசர்கள் பேட்டர்னை வி ஃபிளாக்கோடு (ரெஜெக்ஸின் கடுமையான முறை) படிக்கின்றன. அதில் சதுர அடைப்புக்குள் வெறும் ஹைஃபன் இலக்கணப் பிழை. பிழை வந்தால் பேட்டர்ன் மொத்தமும் செல்லாததாகி, எதை எழுதினாலும் உள்ளே விடும். கன்சோலில் மட்டும் ஒரு வரி முனகல் இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு மின் 3 வைத்து "குறைந்தது 3 எழுத்து வேண்டும்" என்று எழுதினால் அந்தச் செய்தி பொய். லாராவெல் எண்ணுவது கோடு பாயின்ட், அதாவது யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொரு எழுத்தும் குறியும். "கவி" நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு மூன்று: க, வ, இகரக் குறி. "தமிழ்" நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. நாம் எண்ணுவது போல எண்ண பிஹெச்பியில் கிராஃபீம் ஸ்டர்லென் இருக்கிறது, இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்ட்டர். மேல் வரம்பை டேட்டாபேஸ் நெடுவரிசையின் அளவுக்கு ஏற்ப கோடு பாயின்டிலேயே விடலாம். ஆனால் செய்தியில் எண்ணைச் சொல்லாமல் "பெயர் மிக நீளமாக உள்ளது, சுருக்கி எழுதவும்" என்று முடியுங்கள். 50 என்று சொல்லிவிட்டு 30 எழுத்தில் தடுத்தால் பயனர் எண்ணிப் பார்த்துக் குழம்புவார்.

கோடும்குறியும்

எல்லாம் மாத்திட்டேன், பெயர் ஒழுங்காப் போகுது. நோவேலிடேட் இன்னும் வைக்கல. படம் ஃபீல்டுல மட்டும் குரோம்ல பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்கல, செய்தியும் இல்ல.

பூச்சிபிடி

ஃபைல் இன்புட்டை டிஸ்ப்ளே நன் போட்டு மறைச்சுட்டு, அழகான லேபிளைப் பட்டனா வச்சிருப்பீங்க. அதுல ரெக்வயர்டும் இருக்கும். குரோம் அதைத் தப்புன்னு கண்டுபிடிச்சு ஃபோகஸ் கொடுக்கப் பார்க்குது, ஃபோகஸ் போக இடமில்ல, சத்தமில்லாம நின்னுடுது. கன்சோலைத் திறந்தா "நாட் ஃபோகசபிள்"னு இருக்கும். டிஸ்ப்ளே நன்னுக்குப் பதிலா ஒபாசிட்டி பூஜ்யம் வச்சு லேபிள் மேலேயே படுக்க வைங்க.

அதோட, சர்வர்ல வேற ஃபீல்டு தப்பாகி பக்கம் திரும்பி வந்தா ஓல்டு ஃபங்ஷன் பெயர், முகவரியைத் திருப்பித் தரும், ஃபைலைத் தராது. படம் தேர்ந்தெடுத்தவர் அது இருக்குன்னு நினைச்சு மறுபடி அனுப்புவார், "படம் தேவை"ன்னு வரும், கடுப்பாவார். பக்கத்துல வேற எந்தப் பிழை இருந்தாலும் படம் ஃபீல்டுக்குக் கீழே "படத்தை மீண்டும் தேர்ந்தெடுக்கவும்"னு ஒரு வரி சேர்த்துடுங்க.