தாள் மட்டும் தழைக்கிறது, காய் வைக்கவில்லை: மாடியில் வெங்காயம்

மாடிவெயில், திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் தோட்டம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. வெங்காயம் மட்டும் பிடிபடவில்லை.

ஜனவரி கடைசியில் ஆன்லைனில் ஒரு பாக்கெட் பெரிய வெங்காய விதை வாங்கினேன். படத்தில் மஞ்சள் தோலோடு இரண்டு கை நிறைய ஒரே காய். நாற்று விட்டு, மார்ச் நடுவில் மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டிகள் இரண்டில் 40 நாற்று மாற்றி நட்டேன். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வாரம் ஒருமுறை மீன் அமிலம், அதாவது மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த திரவ உரம். இப்போது ஜூன் முதல் வாரம். தாள் முழங்கை உயரம் வந்துவிட்டது, அடித்தண்டு கட்டைவிரல் பருமன் இருக்கிறது. மண்ணை விலக்கிப் பார்த்தால் வெறும் தண்டும் வேரும்தான். காய் என்று ஒன்றுமே இல்லை.

மூன்றாவது பெட்டியில் மளிகைக் கடையில் வாங்கிய சின்ன வெங்காயம் 30 ஊன்றினேன். 11 முளைத்தன. மற்றவை அழுகிப்போயின. முளைத்ததும் சோம்பிப்போய் நிற்கிறது.

நம் மாடியில் விளைந்த வெங்காயத்தில் அம்மா ஒரு நாளாவது சாம்பார் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கே தவறு செய்கிறேன்?

பச்சைவாளி, சேலம்

மீன் அமிலத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்கள்.

செட்டிகுளத்து மகள்

தம்பி, சேலத்துக்காரர் சொன்னது சரிதான். ஆனால் 40 செடியில் ஒன்றுகூடக் காய் வைக்கவில்லை என்றால் உரம் மட்டும் காரணமாக இருக்காது. அந்த விதைப் பாக்கெட் கையில் இருக்கிறதா? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

அதற்குள் சின்ன வெங்காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் பிறந்தவள். அப்பா நாற்பது வருடம் சின்ன வெங்காயம் போட்டார். இப்போது நானும் திருச்சியில்தான், உங்களைப் போல மாடியில்தான் போடுகிறேன்.

நீங்கள் ஊன்றியது சாப்பாட்டு வெங்காயம், விதைக் காய் இல்லை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வெங்காயம் பிடுங்கியதும் உடனே முளைக்காது, அதற்கு உறக்கம் உண்டு. புதுக் காயை ஊன்றினால் மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்து, முளைக்கும் முன்பே அழுகும். இரண்டு மூன்று மாதம் பட்டறையில் கிடந்த பழைய காயைத்தான் எங்கள் ஊரில் விதைக்கு எடுப்பார்கள். பட்டறை என்றால், தரையில் கல் அடுக்கி அதன்மேல் குச்சிகளைப் பரப்பி, பக்கங்களில் மூங்கில் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த குறுகலான படல். அகலமாகக் கட்டமாட்டார்கள், நடுவில் காற்று போகாது. மழை நாளில் அப்பா காலையில் எழுந்ததும் முதலில் பட்டறைக்குப் போய்க் காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்று மோந்து பார்ப்பார். ஒரு காய் அழுகினாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டுப் பொறுக்குவோம்.

விதைக் காயை எப்படித் தேர்ந்தெடுப்பது? காயின் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம். அடுத்து காயைத் திருப்பி வேர்ப்பக்கத்தைப் பாருங்கள். பழைய வேர் காய்ந்து பழுப்பு நாராக ஒட்டியிருந்தால் நல்லது. அங்கே வெள்ளைப் பூசணமோ, நகத்தால் கீறினால் பழுப்பு நிறமோ தெரிந்தால் அடித்தாள் அழுகல் இருக்கிறது. அந்த ஒரு காய் பெட்டி மண் முழுவதையும் கெடுக்கும், அடுத்த தடவைக்கும் அந்த மண் ஆகாது. ரொம்பப் பெரிய காயும் வேண்டாம், நடுத்தரமாக, நுனியில் பச்சை லேசாக எட்டிப் பார்ப்பதாக எடுங்கள். ஏக்கருக்கு 600 கிலோ விதைக் காய் போகும் பயிர் இது. அவ்வளவையும் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் தடவித்தான் பொறுக்குவார்கள். மாடிக்கு முப்பது காய்தானே, பொறுமையாகப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் மண். கோகோபீட் இரண்டு பங்கு வெங்காயத்துக்கு அதிகம். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்றுமணலோ எம்-சாண்டோ அரைப் பங்கு, கோகோபீட் அரைப் பங்கு போதும். பெட்டியின் அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டை போடுங்கள். வெங்காய வேர் மேலாகத்தான் ஓடும், முக்கால் அடி மண் தாராளம்.

மாடிவெயில், திருச்சி

அக்கா, ரொம்ப நன்றி. பாக்கெட்டைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் ஒன்றும் இல்லை. பின்னால் மூலையில் "லாங் டே" என்று இருக்கிறது. நீண்ட நாள் பயிர், அதாவது அறுவடைக்கு நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

செட்டிகுளத்து மகள்

நான் சந்தேகப்பட்டது இதைத்தான். லாங் டே என்றால் நீண்ட பகல். எத்தனை நாளில் விளையும் என்பதை அது சொல்லவில்லை.

வெங்காயம் எப்போது காய் வைக்க வேண்டும் என்பதைப் பகல் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் அளவு உண்டு. நம் ஊர் ரகங்களுக்கு 11, 12 மணி நேரப் பகல் போதும். உங்கள் பாக்கெட்டில் இருப்பது குளிர்நாட்டு ரகம், அதற்கு 14 மணி நேரமாவது பகல் வேண்டும். திருச்சியில் வருடத்தின் மிக நீண்ட நாளான ஜூன் 21 அன்றுகூடப் பகல் 12¾ மணி நேரம்தான். அந்தச் செடி இன்னும் நல்ல பகல் வரவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தாலும் தாள்தான் விடும். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை தம்பி. தாள் கட்டைவிரல் பருமன் வந்திருக்கிறதே, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் பகலில் காய் வைக்காது என்று தெரிந்தும் அந்த விதையை இங்கே அனுப்புகிறார்களே என்று எனக்குக் கோபம் வருகிறது. பொடி எழுத்தில் ஒரு வார்த்தை போட்டுவிட்டால் ஆயிற்றா? நாலு மாத உழைப்பு போயிற்றே.

அந்த நாற்பதையும் வீணாக்க வேண்டாம். மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே தாளை அறுத்துப் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யுங்கள், முட்டையிலும் போடலாம். திரும்பத் துளிர்க்கும்.

இனி விதை வாங்கினால், நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 சின்ன வெங்காயத்தை விதையிலிருந்தே நாற்று விட்டு வளர்க்கலாம். ஆனால் முதல் தடவைக்கு விதைக் காயே நல்லது, 65 முதல் 75 நாளில் கைக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் பெரம்பலூர், துறையூர் சந்தையில் "நடவுக்கு வேண்டும், பழைய காய்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

மீன் பெட்டி ஒன்றில் விரல் நீட்டிய அளவு இடைவெளி விட்டு 24 காய் ஊன்றுங்கள். வேர் கீழே, காயின் முக்கால் பாகம் மண்ணுக்குள், நுனி வெளியே தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் கழுத்து நீளும், காய் பருக்காது. ஊன்றிய அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் இன்னொன்று, அதை உயிர்த் தண்ணீர் என்போம். அப்புறம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும். மீன் அமிலம் முதல் 30 நாளோடு சரி, பிறகு சாம்பல் போதும். காய் பருக்கும்போது அதுவே மண்ணைத் தள்ளிக்கொண்டு பாதி வெளியே வந்து உட்காரும். பலர் பயந்து மண் அணைப்பார்கள். அணைக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.

வெயில் காலத்தில் இலைப்பேன் வரும். தாளில் வெள்ளி கீறினாற்போல் கோடு தெரிந்தால், நடுக்குருத்தை விரித்துப் பாருங்கள், மஞ்சளாக ஊசிமுனை அளவில் ஊரும். சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். தாள் சுருண்டு சுருண்டு திருகினால் அது திருகல் நோய். மருந்தைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்தச் செடியை உடனே பிடுங்கி மாடியை விட்டே அகற்றுங்கள். எங்கள் வயலில் ஒரு மழைக் காலத்தில் இதைக் கண்டும் ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். அரை ஏக்கர் போனது.

வடக்குத்தோட்டம், டொராண்டோ

இதை வாசித்ததும் எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. நான் யாழ்ப்பாணம் உரும்பிராய். அங்கே செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வெங்காயம் செய்த குடும்பம். இங்கே வந்து, நம் பக்கத்துப் பெரிய வெங்காய விதையை மே மாதம் கொல்லையில் விதைத்தேன். இங்கே ஜூனில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். நாற்று மூன்று தாள் விடும் முன்பே காய் வைத்துத் தாள் சாய்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு! அக்கா சொல்வதன் மறுபக்கம் இதுதான். இப்போது இங்குள்ள நீண்ட பகல் ரகத்தைப் போடுகிறேன், உள்ளங்கை நிறைகிறது. தம்பியிடம் இருக்கும் அதே மஞ்சள் வெங்காயம்தான்.

மாடிவெயில், திருச்சி

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். துறையூர் சந்தையில் அரைக் கிலோ பழைய காய் வாங்கி, அக்கா சொன்னபடி தடவிப் பார்த்துப் பொறுக்கி, ஜூன் 20 அன்று இரண்டு பெட்டியில் 48 ஊன்றினேன். 45 முளைத்தன. இன்றைக்கு 66-ஆம் நாள். ஒவ்வொரு தூரிலும் ஐந்தாறு காய் சிவப்பாக மண்ணுக்கு மேலே தெரிகிறது. நேற்றிலிருந்து தாள் ஒவ்வொன்றாகத் தலை சாய்கிறது. தண்ணீர் ஊற்றவா, நிறுத்தவா? மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது.

செட்டிகுளத்து மகள்

இன்றோடு தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு பெட்டியையும் உடனே சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள், இந்தச் சமயத்தில் ஒரு மழை நனைந்தாலும் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். முக்கால்வாசி தாள் சாய்ந்து பழுத்ததும், ஒரு வாரம் பத்து நாளில், பிடுங்கலாம். பிடுங்கியதும் தாளை வெட்ட வேண்டாம். தாளோடு நிழலில் நாலைந்து நாள் பரப்பிப் போடுங்கள், கழுத்து சுருங்கிக் காய்ந்த பிறகு ஓர் அங்குலம் விட்டு அறுங்கள். கழுவிவிடாதீர்கள், மண் உதிர்ந்தால் போதும்.

நல்ல தூராகப் பார்த்து ஐந்தாறை விதைக்கு எடுத்து வையுங்கள். வலைப்பையில் போட்டுச் சமையலறை ஜன்னல் பக்கம், அடுப்புச் சூடு படாமல் தொங்கவிடுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழியில் ஊன்றலாம். மற்றதை அம்மாவிடம் கொடுங்கள், உரிக்கும்போது கண் எரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.