ஜுரத்தோடு டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள், கேஸ் போட வழி இருக்கிறதா?

தண்டையார்பேட்டைக்காரன்:
அப்பாவுக்கு 61 வயது, ஹார்பரில் டிரெய்லர் ஓட்டினவர், பத்து வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் காலில் புண் முற்றிப்போய் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். புண்ணைக் கீறிச் சுத்தம் பண்ணினார்கள், 62 ஆயிரம் கட்டினேன். நான்காம் நாள் காலையில் கவுண்டருக்குக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் இருக்கணும்னா 30 ஆயிரம் கட்டுங்க என்றார்கள். சாயந்திரம் வரைக்கும் டைம் கேட்டேன், மதியமே அனுப்பிவிட்டார்கள். ஏதோ ஒரு தாளை நீட்டினார்கள், பில்லோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆட்டோவில் வரும்போதே கட்டு நனைந்து சீட்டெல்லாம் கறை, டிரைவர் ஒன்றும் சொல்லாமல் பழைய பேப்பரை எடுத்துக் கொடுத்தார். ராத்திரி குளிர் நடுக்கம் தாங்காமல் 108-ல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவங்களோட நாம மோத முடியுமா என்கிறாள் அம்மா. முடியுமா?

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:
முடியும். ஆனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் காகிதத்தைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது; நர்ஸ் எழுதிய குறிப்பு, லேப் ரிப்போர்ட், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் என்று முழு கேஸ் ஷீட்டும் வேண்டும் என எழுத்தில் கேளுங்கள். 2002-ம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுத்து, உங்கள் காப்பியில் சீல் வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்ட்.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், அதனால் உங்களுக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம்.

ரிட்டையர்டு ஸ்டாஃப் நர்ஸ்:
தம்பி, டிஸ்சார்ஜ் அன்று காலையில் ஜுரம் இருந்ததா? கட்டில் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கும், ஜுரம், நாடி, பிரஷர் எல்லாம் நேரம் போட்டு எழுதியிருக்கும். முப்பது வருஷம் அதை எழுதியவள் சொல்கிறேன், சம்மரியை யாரோ அவசரத்தில் டைப் அடிப்பார்கள், சார்ட் அந்தந்த நேரத்தில் கையால் எழுதுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அக்கா, நீங்கள் சொன்னதும் போனைத் துழாவினேன். தங்கைக்கு அனுப்ப எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது. அப்பா இட்லி சாப்பிடுகிறார், ஓரத்தில் அந்தச் சார்ட். பெரிசு பண்ணிப் பார்த்தால் காலை 6 மணி, 101.2. சம்மரியில் ஜுரம் இல்லை, நிலை சீர் என்று போட்டிருக்கிறது! கையெழுத்துப் போட்ட தாளின் காப்பியும் பில்லோடு இருந்தது, நோயாளி தரப்பு கேட்டுக்கொண்டதால் அனுப்புகிறோம் என்று இங்கிலீஷில் பொடி எழுத்து. நான் கேட்டது டைம்தான்.

புளியந்தோப்பு:
கையெழுத்துப் போட்டாச்சுன்னா அவ்வளவுதான் பாஸ். சர்க்கரைக் கால், எப்படியும் விரல் போயிருக்கும் என்றுதான் டாக்டர் சொல்வார்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:
கையெழுத்தோடு முடிந்துவிடாது. அபாயத்தை விளக்கிச் சொன்னார்களா, எந்த நிலைமையில் வாங்கினார்கள் என்பதெல்லாம் கேள்விக்கு வரும். பணம் கேட்ட மெசேஜோ போன் காலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் இவர் சொன்ன இரண்டாவது விஷயம் நிஜமான சிக்கல், சீக்கிரம் அனுப்பியதால்தான் விரல் போனது என்று நாம்தான் காட்டியாக வேண்டும். அதற்கு ஸ்டான்லி ரெக்கார்டு முக்கியம், போய்ச் சேர்ந்தபோது புண் எப்படி இருந்தது என்பது அதில்தான் இருக்கும். அரசு ஆஸ்பத்திரி, கொடுக்கத் தாமதமானால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போடலாம். அந்தப் போட்டோவை வாட்ஸப் காப்பியாக மட்டும் வைத்திருக்காதீர்கள், தேதியோடு ஒரிஜினல் போனிலேயே இருக்கட்டும்.

போலீஸுக்கு முதலில் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 2005 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, வேறொரு டாக்டரின் கருத்து வாங்காமல் டாக்டர் மேல் கிரிமினல் கேஸ் நகராது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், அது டாக்டரின் பதிவைத்தான் தொடும், உங்களுக்கு நஷ்டஈடு வராது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100 நம்பருக்குப் போன் பண்ணுங்கள், இலவச சட்ட உதவி. பெண்கள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் வருமான வரம்பு இல்லை.

தண்டையார்பேட்டைக்காரன்:
லெட்டர் இரண்டு காப்பி எடுத்தாச்சு. நாளை பத்து மணிக்கு அதே கவுண்டர்.

ரிட்டையர்டு ஸ்டாஃப் நர்ஸ்:
தனியாகப் போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ. அந்த அலைச்சலில் அப்பாவின் டிரெஸ்ஸிங்கை விட்டுவிடாதே தம்பி.