மறு: 'பாயிண்ட்'டுக்குத் தொடுமுனை சரிதானா?

அன்பர்களுக்கு வணக்கம். பழைய பெட்ரோல் வண்டிகளில் பிளக்கில் பொறி வரவைக்கும் 'காண்டாக்ட் பாயிண்ட்' என்ற பாகத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் குழுவில் நடக்கும் விவாதத்துக்கு என் மறுமொழி இது.

> காண்டாக்ட் பாயிண்ட்டுக்குத் 'தொடுமுனை' என்றே வைத்துவிடலாம். எளிய சொல், கேட்டதும் விளங்குகிறது.

ஐயா, போன மாதம் கேட்டிருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். இப்போது முடியாது. காரணம் எங்கள் வீட்டு டட்சன் 1200 பிக்கப்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன வண்டி அது. வாரத்தில் இரண்டு நாள் செம்பனைக் குலை ஏற்றும். மற்ற நாள்களில் கோழிகள் அதனடியில் படுத்துக் கிடக்கும். ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் சாய்த்து வைத்துச் சுற்றிப் பார்த்தேன், பொறியே இல்லை. டவுன் பெங்கலில் (பழுதுபார்க்கும் கடையில்) காயில், பிளக், வயர் எல்லாம் புதிதாகப் போட்டு 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். பொறி மட்டும் வரவில்லை.

கடைசியில், தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். வந்தவர் முதலில் புதுக் காயிலைத் தொட்டுப் பார்த்தார். சாவியைப் போட்டபடியே விட்டிருந்தேன். காயில் நன்றாகச் சுட்டது. "கரண்டு விடாம ஓடுது தம்பி" என்றார். ஒரு சின்ன பல்பை எடுத்து, ஒரு வயரைக் காயிலின் மைனஸிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னார். எஞ்சின் சுற்றும்போது அந்த பல்ப் விட்டுவிட்டு மின்ன வேண்டும். ஒரு தடவைகூட மின்னவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். பாயிண்ட் அதற்குள்தான் இருக்கிறது. நடுவில் சுழலும் கேமின் (மேடுகள் உள்ள தண்டின்) மேல் உரசிப் போகும் ஃபைபர் துண்டு தேய்ந்து மழுங்கியிருந்தது. கேம் மேடு வந்தாலும் அது எழும்பவில்லை. பாயிண்ட்டின் இரண்டு முனைகளும் ஒட்டியபடியே இருந்தன.

"பாயிண்ட்டு வாயே தொறக்கல, பாரு."

இந்த இடத்தில்தான் எனக்கு நம் விவாதம் நினைவுக்கு வந்தது. அந்த முனைகள் தொடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தொட்டுக்கொண்டே இருந்ததுதான் கோளாறு! முனைகள் தொட்டிருக்கும்போது காயிலின் முதல் கம்பிச்சுற்றில் 12 வோல்ட் மின்சாரம் ஓடி, காந்தப்புலம் சேர்கிறது. அவை பிரிகிற நொடியில் அந்தப் புலம் சட்டென்று சரிய, இரண்டாம் கம்பிச்சுற்றில் 20,000 வோல்ட் அளவுக்கு எழும்பிப் பிளக்கில் பொறி தாவுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் இந்தப் பிரிவு நொடிக்கு 100 தடவை நடக்க வேண்டும். ஆங்கிலத்திலும் பாயிண்ட் என்பது கூப்பிடும் பெயர்தான். முழுப்பெயர் காண்டாக்ட் பிரேக்கர். முறிக்கிற வேலையை அவர்களே பெயரில் வைத்துவிட்டார்கள். நாம் மட்டும் ஏன் தொடுவதில் நின்றுவிட வேண்டும்? ரப்பருக்குப் பால்மரம் என்று பேர் வைத்த நம் தோட்டத்து முன்னோர், மரம் என்ன தருகிறது என்று பார்த்துத்தானே வைத்தார்கள்.

முதலில் 'விடுமுனை' என்று எழுதிப் பார்த்தேன். என் மகள் எட்டிப் பார்த்து, "வண்டிக்கு விடுமுறையாப்பா?" என்றாள். அத்தோடு அந்தச் சொல் போயிற்று. பெரியவர் பேச்சை ஒட்டித் 'திறமுனை' என்றால் திறமை முந்திக்கொண்டு வருகிறது. ஆகவே என் முன்மொழிவு: பிரிமுனை. பேச்சில் வைத்துப் பாருங்கள். 'பிரிமுனை கருகிவிட்டது', 'பிரிமுனை பிரியவில்லை'. இரண்டாவதைக் கேட்ட பெங்கல் பையனுக்குக் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

> எலக்ட்ரானிக் இக்னிஷன் (மின்னணு முறையில் பொறி வரவைப்பது) வந்த பிறகு இந்தப் பாகமே வழக்கொழிந்துவிட்டது. செத்த பாகத்துக்குப் புதுச்சொல் எதற்கு?

அண்ணே, உங்கள் பக்கம் செத்திருக்கலாம். எங்கள் டவுனில் பழைய பிக்கப்பும் பழைய மோட்டார் சைக்கிளும் இன்னும் ஓடுகின்றன. நாங்கள் தொகுக்கும் பழுதுபார்ப்புக் கையேடே அவற்றுக்காகத்தான்.

பாயிண்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சருக்கு மின்தேக்கி என்ற சொல் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். முனைகளுக்கு நடுவில் விடும் 'கேப்'புக்கும் இடைவெளி என்ற சொல் போதும். பெரியவர் புது பாயிண்ட் மாட்டி, அரை மில்லிமீட்டர் தகட்டை நடுவில் விட்டு, தகடு லேசாகப் பிடித்து நகரும் அளவுக்கு ஸ்க்ரூவை முறுக்கினார். சாவியை இரண்டாம் தடவை திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. அடியில் கிடந்த கோழிகள் சிதறி ஓடின.

ஒன்று விட்டுப்போயிற்று. தேய்ந்துபோன அந்த ஃபைபர் துண்டைப் பெரியவர் 'குதிகால்' என்றே சொன்னார். அதற்கும் யாராவது ஒரு சொல் செய்து வைத்திருந்தால், தயவுசெய்து குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.